காக்கநாட்டுக்குக் கோச்சு வண்டி

மட்டாஞ்சேரியில் குதிரைக் கோச்சு வண்டி எந்தக் காலத்திலும் ஓடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சிக் குழு அறிக்கை கொடுத்தது. சுற்றிலும் காயல், எல்லாரும் வள்ளத்தில் போயிருக்கிறார்கள் என்பது குழுவின் முடிவு. இருப்புப்பாதைக்கு முந்தைய பயண மீட்பு வாரியம் இதைப் படித்துச் சோர்ந்துவிடவில்லை. இருந்ததை மீட்க யாராலும் முடியும், இல்லாததை மீட்பதற்குத்தான் ஒரு வாரியம் தேவைப்படுகிறது என்று அதன் உறுப்பினர் செயலர் வெங்கிடேஸ்வரன் கோப்பில் எழுதினார். அந்த வாக்கியத்துக்காகவே அவருக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்ததாகச் சொல்வார்கள்.

அப்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாட்டுக்கு முதல் கோச்சு வண்டி புறப்பட ஏற்பாடாயிற்று. அன்றைக்கே சங்கிலிப்பாண்டிக்குக் காக்கநாட்டில் நிச்சயதார்த்தம்.

சங்கிலிப்பாண்டி மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பெண் செல்வலட்சுமி, காக்கநாட்டு ஐடி பார்க்கில் துப்புரவுப் பணியாளர்களுக்கு சூப்பர்வைசர். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், அதை வீட்டில் சொல்லி, அவள் அப்பா முத்துவேல் அரை மனதோடு தலையாட்டியிருந்தார். முத்துவேல் கட்டிட மேஸ்திரி. "ராகு காலம் பொறக்கிறதுக்குள்ள தட்டு மாத்திடணும். அதுக்கு மேல வந்தா அப்படியே திரும்பிப் போயிருங்க" என்று போனில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம்தான். காலையில் பஸ் ஏறினால் எப்படி வந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அண்ணனும் அண்ணியும் முந்தின நாளே போய்விட்டார்கள். காலை வியாபாரத்துக்கு மாவு பிசைந்து கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி சொன்னதால் சங்கிலிப்பாண்டி மட்டும் பின்தங்கினான்.

பட்டுச் சட்டை, ஜரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பூவும் பழமும் மோதிரப் பெட்டியும் வைத்த தாம்பாளம். இந்தக் கோலத்தில் அவன் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது பஸ் ஸ்டாப் இல்லை. அது இருந்த இடத்தில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மைக் வைத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு அம்மாள் அவனைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சேட்டா, நீங்கதானே பயணி? எத்தர நேரமா காத்திருக்கோம்."

"ஆமா, பயணிதான். காக்கநாட்டுக்குப் போகணும்."

"வண்டியும் அங்கேதான் போகுது. வேகம் கேறிக்கோ."

பழங்காலப் பயணியாக நடிக்க ஏற்பாடு செய்திருந்த ஆள் அன்றைக்கு வரவில்லை என்பதும், அந்த உடுப்பிலும் தாம்பாளத்திலும் தன்னைவிடப் பொருத்தமான ஆள் மட்டாஞ்சேரியிலேயே கிடையாது என்பதும் சங்கிலிப்பாண்டிக்குத் தெரியாது. இலவச வண்டி ஏதோ விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஏறினான். உள்ளே சிவப்பு மெத்தை. உட்கார்ந்ததும் கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள்.

வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. அதன் பெயர் பிங்கி. வண்டியையும் பிங்கியையும் ஓட்டுகிறவர் அபூபக்கர், கொச்சங்காடியில் கல்யாணத்துக்குப் பந்தலும் குதிரையும் வாடகைக்கு விடுகிறவர். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. அதை ஓட்டுவது அவர் மனைவி மெஹருன்னிசா. பழங்காலத்தில் கோச்சு முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுத்தான் தொழில் வளர்ந்தது, ஆகவே ஒரு தடத்தில் இரண்டு நிறுவனங்கள் கட்டாயம் வேண்டும் என்பது டெண்டர் நிபந்தனை. வேறு யாரும் விண்ணப்பிக்காததால் அபூபக்கர் தனக்குப் போட்டியாக மனைவியை நிறுத்தினார். அவர் வண்டியில் "அதிவேகக் கோச்சு" என்றும், அவள் வண்டியில் "அதைவிட வேகக் கோச்சு" என்றும் எழுதியிருந்தது. வீட்டில் இருந்தது ஒரே குதிரை. எனவே மெஹருன்னிசா தன் வண்டியை ஒரு சரக்கு ஆட்டோவில் பூட்டி, ஆட்டோவின் மூஞ்சியில் அட்டையில் வெட்டிய குதிரைத் தலையை ஒட்டியிருந்தாள். முன்பக்கம் குதிரை இருக்க வேண்டும் என்று மட்டுமே நிபந்தனையில் இருந்ததால் வாரியம் அதை ஏற்றுக்கொண்டது.

வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். மைக்கைப் பிடித்தார்.

"வேகமா போறதுதான் முன்னேத்தம்னு ஜனங்க மனசில ஒரு தப்பான எண்ணம் ஊறிப்போயிருக்கு. எங்க வாரியத்தைப் பாருங்கோ. ஒரு நாற்காலி வாங்கறதுக்கு ஒரு வருஷம் எடுத்துப்போம். அதனால யாருக்காவது கஷ்டம் வந்துதா? நின்னுண்டே வேலை பார்த்தோம். வேலையும் இல்லாததால கால் வலிக்கல்லை. பயணத்தைப் பத்தி எங்களைவிடத் தெரிஞ்சவா இந்த ராஜ்ஜியத்திலேயே கிடையாது. ஆனாலும் இன்னிவரைக்கும் நாங்க ஒரு இடத்துக்கும் போனதில்லை. இதைவிட ஒரு நிதானத்தை நீங்க எங்கே பார்க்க முடியும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் மெஹருன்னிசா பஸ் கிடைக்காமல் நின்றிருந்தவர்களை எல்லாம் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தின்ன ஆளுக்கொரு இறைச்சிப் பத்திரி இலவசம் என்று சொல்லி, தோப்பும்படிப் பாலம் வழியாகக் கிளம்பிவிட்டாள். சங்கிலிப்பாண்டி ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவள் ஏதோ பாராட்டு என்று நினைத்துத் திரும்பக் கையாட்டினாள்.

வெங்கிடேஸ்வரன் வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், நான் இறங்கி அந்த வண்டியில போயிக்கிறேன்" என்றான் சங்கிலிப்பாண்டி.

"அது போட்டி நிறுவனமாக்கும். நடுவில மாறப்படாது. கோச்சு வண்டியில ஏறினவன் சேருமிடம் வரைக்கும் போயாகணும். நடுவில இறங்கினா அது பயணம் இல்லை, வெறும் போக்குவரத்து."

தோப்பும்படிப் பாலத்தில் குதிரைக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் ஃபோர்ட் கொச்சி போய், வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகில் ஏறி வைப்பின் கரைக்குச் சென்று, அங்கிருந்து சுற்றிக்கொண்டு எர்ணாகுளம் போவது என்று வழி முடிவாகியிருந்தது. வண்டி அசைந்து கிளம்பியது. இப்படியே போனாலும் போய்விடலாம் என்று சங்கிலிப்பாண்டிக்குத் தைரியம் வந்த சமயத்தில், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பிங்கி நின்றது.

"தம்பி பேடிக்க வேண்டாம்" என்று அபூபக்கர் மேலிருந்து குனிந்து சொன்னார். "இது கல்யாணக் குதிரையாக்கும். மண்டபம் கண்டா நிக்கும். மாப்பிள்ளை இறங்கி உள்ளே போகாம நகராது."

"அப்ப நான் இறங்குறேன், அண்ணே."

"நீங்க இறங்கப்படாது" என்றார் வெங்கிடேஸ்வரன்.

கடைசியில் அபூபக்கரே இறங்கினார். வாசலில் நின்ற பெண் வீட்டார் ஒன்றும் கேட்காமல் அவர் கழுத்தில் மாலை போட்டுப் பன்னீர் தெளித்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றி வெளியே வந்தார். பிங்கி திருப்தியடைந்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள் வேறு. மண்டபத்துக்கு மண்டபம் இதே கதை. ஃபோர்ட் கொச்சி வந்து சேர்ந்தபோது அபூபக்கரின் முகமே தெரியவில்லை, அத்தனை மாலை.

அங்கே முதல் தாவளம். தாவளம் என்றால் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதிய குதிரையைப் பூட்டும் இடம். மாற்றுக் குதிரை இல்லாததால் வாரியத்து ஊழியர் ஒருவர் பிங்கியை அவிழ்த்து, ஒரு பழைய கிடங்கைச் சுற்றி நடத்திக் கூட்டி வந்து அதே நுகத்தில் பூட்டினார். வெங்கிடேஸ்வரன் எழுந்து நின்று, புதிய குதிரை ரோஸியை வாரியத்தின் சார்பில் வரவேற்றார்.

"சார், இது அதே குதிரைதானே?"

"பிங்கி ரிலீவ் ஆயாச்சு. இது ரோஸி. கோப்பில வேற குதிரை."

"கழுத்துல அதே மணி தொங்குதே."

"மணி இன்னும் மாற்றலாகல்லை."

ரோஸிக்குக் களைப்பு அதிகமாக இருந்தது. சற்று முன்தான் வேலையில் சேர்ந்த குதிரை என்பதால் அதற்கு ஓய்வு கொடுக்க விதியில் இடமில்லை.

ஜங்கார் எந்தத் தொல்லையும் இல்லாமல் அக்கரை கொண்டுபோய் விட்டது. அன்றைய பயணத்தில் நகர்ந்தது போல இருந்தது அந்த ஒரு பகுதிதான். இதற்குள் செல்வலட்சுமி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க? அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டு இருக்காரு."

"வைப்பின்ல."

"மட்டாஞ்சேரியிலேர்ந்து காக்கநாடு வர்றதுக்கு வைப்பின் எதுக்குப் போனீங்க?"

"குதிரை வண்டியில வர்றேன் லட்சுமி."

"எனக்காகவா?" என்று கேட்டாள். குரல் இளகியிருந்தது. அவனுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அப்படி ஒரு குரலை அவள் இதற்கு முன்னால் அவனிடம் காட்டியதில்லை. "ம்" என்று சொல்லிவிட்டான்.

வைப்பினிலிருந்து எர்ணாகுளம் போகும் பாலம் இறங்குகிற இடத்தில் ஒட்டு மீசையும் தலைப்பாகையும் மரத் துப்பாக்கியுமாக ஒருவன் சாலை நடுவில் நின்று வண்டியை மறித்தான்.

"இது நம்ம நிகழ்ச்சி நிரல்ல உள்ளதுதான்" என்று வெங்கிடேஸ்வரன் மகிழ்ச்சியோடு சொன்னார். "வழிப்பறி இல்லாத கோச்சுப் பயணம் ஒரு பயணமா? இதுக்கும் டெண்டர் விட்டோம். நேர்மையான கொள்ளைக்காரனாப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்."

கொள்ளைக்காரன் ஜன்னலில் தலையை நீட்டினான். அவன் பெயர் சுப்புராஜ். கூத்துக் குழுவில் வேஷம் கட்டியவன், இப்போது எர்ணாகுளத்தில் கிடைத்த வேலையைப் பார்க்கிறவன்.

"அண்ணே, கோவப்படாதிய. கான்ட்ராக்ட் வேலை. கையில உள்ளதையெல்லாம் இந்தச் சாக்குல போடணும்."

"எனக்கு நிச்சயதார்த்தம் தம்பி. இது மோதிரம்."

"ஐயோ" என்று சுப்புராஜ் உண்மையாகவே வருத்தப்பட்டான். "மோதிரம்னா கண்டிப்பா எடுத்தாகணும்ணே. ஒப்பந்தத்துல நகைன்னு தனியாவே போட்டிருக்கு."

தாம்பாளம் போயிற்று. போனும் போயிற்று. கொள்ளை போன பொருளைப் பறிகொடுத்தவர் காக்கநாட்டு அலுவலகத்தில் வேலை நாட்களில் வந்து பெற்றுக்கொள்ளலாம், அதுவரை அது கொள்ளைக்காரரின் பொறுப்பை விட்டு விலகக்கூடாது என்று வெங்கிடேஸ்வரன் விளக்கினார். சுப்புராஜும் கொள்ளைக்கான பில்லைக் கொடுக்கக் காக்கநாடு போக வேண்டியிருந்ததால், சாக்கோடு வண்டியில் ஏறிச் சங்கிலிப்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

எர்ணாகுளத்துக்குள் நுழைந்ததும் சாக்கு அடித்தது. சுப்புராஜ் போனை எடுத்துச் செல்வலட்சுமியிடம் பேசினான்.

"ஹலோ. இல்லக்கா, அவரு இப்பப் பேச முடியாது. அவரைக் கொள்ளையடிச்சாச்சு. நானா? நான்தான் அடிச்சேன். பக்கத்துலதான் இருக்காரு, நல்லா இருக்காரு. வாழைப்பழம் ஒண்ணு கொடுத்தேன்." பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு, "உங்க மாமனாரு போனை வாங்கிட்டாரு. ரொம்ப சத்தம் போடுதாரு. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான்.

"வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க."

"வந்துக்கிட்டே இருக்கோம்னு சொல்லுதாரு மாமா" என்றான் சுப்புராஜ். அதற்கப்புறம் முத்துவேல் பேசியதை அவன் கேட்டுக்கொண்டான், திருப்பிச் சொல்லவில்லை.

கலூர் வந்தது. தலைக்கு மேலே மெட்ரோ பாலம் தெரிய ஆரம்பித்ததும் வெங்கிடேஸ்வரன் பரபரப்போடு ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்.

"நம்ம வாரியம் இருப்புப்பாதைக்கு முந்தின காலத்தைச் சேர்ந்தது. அதனால மேலே ஒண்ணும் இல்லை. யாரும் ஒண்ணும் பார்க்கல்லை."

மேலே ஒரு வண்டி கடகடவென்று போயிற்று.

"இடி" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"மழைக்காலம் இல்லையே சார்" என்றான் சுப்புராஜ்.

"கோடை இடி. அந்தப் பேரை மட்டும் இந்த வண்டிக்குள்ள யாரும் வாயால சொல்லப்படாது. சொன்னா அவா இந்தக் காலத்தைச் சேர்ந்தவா இல்லைன்னு ஆயிடும். உடனே இறக்கி விடணும்னு விதி. போன வாரம் ஒத்திகையில எங்க தலைவரே வாய் தவறிச் சொல்லிட்டார். நடந்துதான் வீட்டுக்குப் போனார்."

சங்கிலிப்பாண்டி இதைக் கேட்டான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு இறங்கிவிட வேண்டும் என்ற யோசனை வரவில்லை. மோதிரம் சாக்கில் இருந்தது, சாக்கு சுப்புராஜிடம் இருந்தது, சுப்புராஜ் வண்டியில் இருந்தான். வண்டியோ எப்படியும் காக்கநாட்டுக்குத்தான் போகிறது. இன்னும் கொஞ்ச தூரம்.

செம்புமுக்கு தாண்டியதும் வண்டி மொத்தமாக நின்றது. முன்னால் சாலையை மறித்துப் பச்சைத் தகரம் அடைத்து, நடுவில் பெரிய குழி தோண்டியிருந்தார்கள். மெட்ரோ வேலை. பஸ்களும் கார்களும் ஓரமாக விட்டிருந்த வழியில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"சாரே, அந்தப் பக்கம் திருப்பட்டே?" என்று அபூபக்கர் மேலிருந்து கேட்டார்.

"எதுக்குத் திருப்பணும்?"

"இங்க குழி உண்டு."

"என்ன குழி?"

அபூபக்கர் மாலைகளை விலக்கிக்கொண்டு குழியைப் பார்த்தார். அதை என்ன குழி என்று சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அபூபக்கர், இன்னும் கண்டுபிடிக்காத ஒரு வண்டிக்காகக் குழி தோண்ட முடியாது. இது நேரான பாதை. தாராளமாப் போங்கோ."

"போனா குதிரை விழும் சாரே."

"அப்ப நில்லுங்கோ. குழி இருக்குன்னு எழுதி நான் வண்டியைத் திருப்பினா, ஏன் குழின்னு ஆடிட்ல கேப்பா. பதில் சொன்னா நம்ம வாரியமே தேவையில்லைன்னு ஆயிடும். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் காலம் கிடக்கு. குழி தானா மூடற வரைக்கும் காத்திருப்போம். எங்களுக்குக் காத்திருக்கறது புதுசு இல்லை."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சங்கிலிப்பாண்டிக்குக் காலையிலிருந்து வராத கோபம் இப்போது வந்தது. ஆனால் அவன் கோபத்தைக் காட்டிப் பழகாதவன். எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகவே சொன்னான்.

"சார், அது மெட்ரோ ரயிலுக்குத் தோண்டின குழி. நான் சங்கரன்கோவில்லேர்ந்து ரயில்லதான் இந்த ஊருக்கு வந்தேன். எங்க ஊர்ல ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பாலருவி எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயில் தென்காசி வழியா வரும். ரயில் நல்லா இருக்கும் சார். ஏறினா போயிரும்."

வெங்கிடேஸ்வரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இவரை இறக்குங்கோ" என்றார்.

அபூபக்கர் இறங்கி வந்து தாழ்ப்பாளைத் திறந்தார். சங்கிலிப்பாண்டி தரையில் கால் வைத்துவிட்டு உள்ளே பார்த்தான். சுப்புராஜ் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு தவிப்போடு அவனைப் பார்த்தான்.

"சார்" என்றான் சுப்புராஜ், "பொருள் என் கையை விட்டுப் போகக்கூடாதுன்னுதான் இருக்கு. நான் எங்கயும் போகக்கூடாதுன்னு இல்லையே?"

"இல்லை."

"அப்ப ரயில்" என்று சொல்லிவிட்டு அவனும் சாக்கோடு இறங்கினான்.

அந்த நேரத்தில் அட்டைக் குதிரைத் தலையோடு மெஹருன்னிசா எதிர்ப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து அது அவளுக்கு எத்தனையாவது சவாரியோ, குதிரையின் ஒரு காது காற்றில் பறந்து போயிருந்தது. அவள் ஆட்டோவை நிறுத்திக் கணவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, காலையிலேர்ந்து எத்தனை நிக்காஹ் முடிச்சீங்க?"

"எல்லாம் பிங்கி செஞ்சது" என்றார் அபூபக்கர்.

"அதைச் சொல்லுங்க. சாயா குடிச்சீங்களா?" ஒரு பிளாஸ்க்கை அவரிடம் எறிந்துவிட்டு, சங்கிலிப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்து, அவனையும் சுப்புராஜையும் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். வாரியத்தின் கோச்சு அங்கேயே நின்றது. இந்தத் தடத்தில் இதுவரை ஓடிய கோச்சு வண்டிகளிலேயே அதிக தூரம் போனது இதுதான் என்று பிற்பாடு அறிக்கை வந்தது. யாராலும் அதை மறுக்க முடியவில்லை.

ராகு காலத்துக்குச் சற்று முன்னால் அட்டைக் குதிரை முத்துவேல் வீட்டு வாசலில் வந்து நின்றது. செல்வலட்சுமி வாசலிலேயே இருந்தாள். குதிரைத் தலையையும் ஒற்றைக் காதையும் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒரு நாள் ஆச்சு?" என்றாள். சங்கிலிப்பாண்டி அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லாமல் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முத்துவேல் சிரிக்கவில்லை. "இவரு யாரு?" என்று சுப்புராஜைக் காட்டினார்.

"என்னைக் கொள்ளையடிச்சவரு, மாமா."

"தட்டை அவருகிட்டேர்ந்து வாங்கு. நேரமாச்சு."

"அது முடியாதுங்க" என்றான் சுப்புராஜ். "ஆபீஸ்ல ஒப்படைக்கிற வரைக்கும் நான்தான் பிடிச்சிருக்கணும். நாளைக்குக் கணக்குக் கேட்டா நான் என்ன சொல்ல?"

வேறு வழியில்லாமல், மாப்பிள்ளை வீட்டுத் தாம்பாளத்தைக் கொள்ளைக்காரன் பிடிக்க, பெண் வீட்டுத் தாம்பாளத்தை முத்துவேல் பிடிக்க, அவரவர் கையை எடுக்காமலே ஒருவர் தட்டை ஒருவர் தொட்டுத் தட்டு மாற்றினார்கள். சாக்குக்குள் கைவிட்டு சுப்புராஜே மோதிரத்தை எடுத்துக் கொடுத்தான். சங்கிலிப்பாண்டி அதைச் செல்வலட்சுமிக்குப் போட்டதும், "பார்வைக்கு வச்சிருக்குன்னு எழுதிக்கிடுதேன்" என்றான் சுப்புராஜ்.

இலை போட்டார்கள். முத்துவேல் பரிமாறிக்கொண்டு வந்தார். சங்கிலிப்பாண்டியின் இலைக்கு முன்னால் நின்று, "இந்தப் பையன் எப்படி? பகலெல்லாம் கூட இருந்தியே" என்று சுப்புராஜிடம் கேட்டார்.

"தங்கமானவருங்க. கொள்ளையடிக்கும்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. சாக்கைப் பிரிச்சுக்கூடக் கொடுத்தாரு."

முத்துவேல் தலையாட்டினார். பாயச வாளியோடு சுப்புராஜ் பக்கம் நகர்ந்தார். ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்க, அவன் சாக்கை இடது காலடியில் மிதித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து அந்த வெயில்லயா நின்ன?"

"வேலைன்னு ஒத்துக்கிட்டா நிக்கணும்லா."

"எந்த ஊரு?"

"கடையநல்லூருங்க."

முத்துவேல் பாயசத்தை ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "மகா, இவருக்கு அப்பளம் கொண்டாம்மா" என்று செல்வலட்சுமியின் தங்கையைக் கூப்பிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"